ஃபிரிட்ஜுக்குத் தைத்த சட்டை

என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஊசி எடுத்து எதையாவது முழுசாகத் தைத்திருக்கிறேன். என் சட்டைக்குப் பொத்தான் தைத்ததில்லை, குழந்தைகளுக்குக் கௌன் தைத்ததில்லை. ஃபிரிட்ஜுக்குச் சட்டை தைத்தேன். அசல் சணல், கழுத்துவரை மூடியது, அளவு கச்சிதம். அளவைப் பற்றி மட்டும் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்த விவகாரத்தில் பெருமைப்பட வேறு எதுவும் மிஞ்சவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில் நானும் என் மனைவி சாரதாவும் குடியிருந்தோம். இருவரும் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். சாரதா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான் அதே கிடங்கில் குமாஸ்தா. எந்த மூட்டை எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது, யார் தூக்கினார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. எதையும் எழுதிவைத்துவிட்டால் அது நம் கட்டுக்குள் வந்துவிடும் என்ற வியாதி அங்கேதான் என்னைத் தொற்றிக்கொண்டது.

ஃபிரிட்ஜ் வெல்லிங்டன் தீவிலிருந்து வந்தது. அங்கே ஓர் அதிகாரிக்கு மாற்றலானபோது விற்றுவிட்டுப் போனார். வாங்கியது சாரதா, அவளுடைய சீட்டுப் பணத்தில். அதாவது ஃபிரிட்ஜ் அவளுடையது. (இதை நான் அந்த மாதங்களில் அடிக்கடி மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை.) வெளிர் பச்சை நிறம், ஒற்றைக் கதவு, கைப்பிடிக்குக் கீழே பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி. அந்தக் காலத்து ஃபிரிட்ஜுகளில் பூட்டு இருக்கும். பால் பாத்திரத்துக்கு எதற்குப் பூட்டு என்று யாரும் கேட்டதில்லை.

கிடங்கில் மூட்டை தூக்கும் நான்கு சுமட்டுக்காரர்கள் அதை மாடிப்படியில் ஏற்றினார்கள். படியேறி வருகிற எவர் கண்ணிலும் முதலில் அதுதான் பட வேண்டும் என்பதற்காகக் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே வைத்தோம். இடம் அடைக்கக் கூடாதென்று சுவரோடு சுவராக அழுத்தித் தள்ளினோம். தலையில் சாரதா பின்னிய விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா.

அன்று சாயங்காலமே சாரதா பக்கத்து வீட்டுக் கதீசும்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நாங்கள் அவரை இத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். மகன் துபாயில், மகள் புருஷன் வீட்டில், இவர் தனியாக. சர்க்கரை வியாதிக்கு தினமும் இருவேளை இன்சுலின் ஊசி, தானே போட்டுக்கொள்வார். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அந்த மருந்துக் குப்பியை ஒரு கிண்ணத்தில் வைத்து மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தார். கோடையில் குப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பாராம். ஒருமுறை இரண்டு வேளை ஊசி தவறி, மயங்கி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

சாரதா ஃபிரிட்ஜ் கதவின் உள்தட்டைக் காட்டினாள். "இத்தா, இது உங்க இடமாக்கும். வேற யாரும் தொடமாட்டா."

இத்தா குப்பியை அங்கே வைத்துவிட்டுக் கதவை மூடினார். பிறகு கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நானும் பெருமையில் கொஞ்சம் உப்பினேன். ஊரில் ஒருவருக்கு நம் வீட்டில் உயிர் காக்கும் மருந்து இருக்கிறது என்றால் சும்மாவா?

அந்தப் பெருமை முதல் கரண்டு பில் வரும்வரை இருந்தது.

முன்னைவிட இரண்டு மடங்கு. பில்லைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது சமாதானம் எழுதியிருக்குமோ என்று. இல்லை. அன்றிலிருந்து மீட்டருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும், விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கினால் தட்டு ஓடும், உறுமல் அடங்கினால் நடக்கும். ஓடும்போதெல்லாம் என் கண்ணும் கூடவே ஓடும். ஆபீஸ் விட்டால் நேரே ஸ்டூல்தான். சாயா ஸ்டூலுக்கே வரும்.

"இங்கே கேட்டேளா," என்றாள் சாரதா ஒருநாள், "என்னைக்கூட இப்படி ஒருநாளும் பாத்ததில்லை நீங்க."

நான் சிவப்புக் கோட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதனால் இப்படி ஓடுகிறது என்று யோசித்ததில் முதல் குற்றவாளி பிடிபட்டது: கதவு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளேயிருக்கிற குளிர் கீழே வழிந்து போய்விடுகிறது, அதை மறுபடி உண்டாக்க இயந்திரம் ஓடுகிறது. (இது ஒன்றுதான் அந்த ஆண்டில் நான் சரியாகக் கண்டுபிடித்தது. அதனால்தான் மற்றதிலும் எனக்கு அவ்வளவு தைரியம் வந்தது.) ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், பெயர், காரணம். கைப்பிடியில் ஒரு நூல், நூலில் ஒரு பென்சில். கிடங்கில் மூட்டைக்கு என்ன மரியாதையோ, வீட்டில் தயிருக்கும் அதே மரியாதை.

முதல் நாளிலேயே சாரதாவின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "காலை 6.10, சாரதா, பால். 6.12, சாரதா, பால் எடுக்கும்போது பென்சில் உள்ளே மாட்டிக்கொண்டதால் பென்சில்."

இத்தா விதியைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பிரச்சினை. அவருக்குத் தமிழ் புரியும், பேச்சில் மலையாளமும் தமிழும் அரைக்கு அரை. நோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மோனே, ஞான் திறந்தா கரண்டு கூடுதலா ஓடுமோ?"

"யார் திறந்தாலும் ஓடும் இத்தா. குளிர் அப்படியே கீழே விழுந்து போயிடும்." தரையில் குளிர் ஓடுகிற பாதையைக் கையால் வேறு காட்டினேன்.

இத்தா தரையைப் பார்த்தார். தான் ஏதோ கொட்டிவிட்டதுபோலப் புடவையைச் சற்று ஒதுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து குண்டு குண்டான மலையாள எழுத்தில், தன் முழுப் பெயரோடு தவறாமல் எழுதினார்: "காலை ஏழு, கதீஜா, மருந்து." சாயங்காலம்: "ஆறு மணி, கதீஜா, மருந்து. இரண்டாவது தடவை. க்ஷமிக்கணும்." ஒவ்வொரு சாயங்காலமும் மன்னிக்கச் சொல்லி அந்த ஒரு வார்த்தை. அதை நான் நல்ல பழக்கம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்து முடிவை அறிவிப்பேன். சாரதா நாற்பத்தெட்டு, இத்தா பதினான்கு, நான் மூன்று. என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொள்வேன். (உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா, ஐஸ் கட்டியாயிற்றா, மூடியதும் விளக்கு அணைகிறதா என்று நான் திறந்து பார்ப்பது இதில் சேராது. அது பரிசோதனை.)

இவ்வளவு செய்தும் தட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை நுழைத்துப் பார்த்தேன். அங்கே கறுப்பாக ஒரு கம்பிவலை. தொட்டேன், சுட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குளிரவேண்டிய சாமானின் முதுகில் இவ்வளவு சூடா? அப்படியானால் வெளிச்சூடு இந்த வழியாகத்தான் உள்ளே புகுகிறது! திருடன் கொல்லைப்புறமாக வந்துகொண்டிருக்க, நான் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்!

சூட்டைத் தடுப்பது எப்படி என்று மட்டாஞ்சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மீன் இறங்குகிற துறையில் தினமும் பார்க்கிறோம். ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருவார்கள். உச்சி வெயிலிலும் அசையாது. சாக்குதான் குளிரைக் காப்பாற்றும். எங்கள் கிடங்கில் இல்லாத சாக்கா?

அந்தச் சனிக்கிழமை நல்ல புதுச் சாக்காக ஆறு எடுத்துவந்தேன். கூடவே கோணி ஊசியும் சணலும். மூட்டை வாய் தைப்பதைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவன், எனக்கென்ன பயம்? அளவெடுத்து வெட்டி, இரண்டு பக்கமும் பின்பக்கமும் இரட்டைச் சாக்காக, கதவை மட்டும் விட்டுத் தைத்தேன். கம்பிவலைக்கும் சுவருக்கும் இடையில் கொஞ்சம் சந்து இருந்தது. அதில் சூடு ஒளிந்துகொள்ளுமே என்று, ஒரு சாக்கில் மரத்தூளை நிரப்பி உள்ளே திணித்தேன். விரலில் நான்கு இடத்தில் ரத்தம். முடித்துவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்த்தேன். வெளிர் பச்சை முகம் மட்டும் தெரிய, எங்கோ மலைப்பிரதேசத்துக்குக் கிளம்பியதுபோல நின்றது ஃபிரிட்ஜ்.

சாரதா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். உள்ளேயிருந்து தயிரை எடுத்து முகர்ந்தாள்.

"சுக்கு வாசனை வரது," என்றாள் கடைசியில். "தயிர்ல."

அன்றைக்குப் பிறகு ஃபிரிட்ஜ் உறுமுவதை நிறுத்தவே இல்லை. முன்பு ஓடும், அடங்கும். இப்போது ஓட்டம் மட்டும். சிவப்புக் கோடு வந்து வந்து போயிற்று. வேறு யாராக இருந்தாலும் சட்டையைச் சந்தேகித்திருப்பார்கள். நான் தைத்த சட்டையாயிற்றே! நான் இல்லாத நேரத்தில் யாரோ நோட்டில் எழுதாமல் கதவைத் திறக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ஃபிரிட்ஜைப் பூட்டினேன். காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். சாவி என் சட்டைப்பையில்.

சாரதா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இது ஃபிரிட்ஜாக்கும், கோயிலில்லை. நடை திறக்கறதுக்கும் சாத்தறதுக்கும் நேரம் போட்டிருக்கேள். மணி அடிப்பேளா, நான் அடிக்கணுமா?"

சொன்னாளே தவிர, நடை திறக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் உள்ளே வைத்தாக வேண்டுமே. ஏழு மணிக்குத்தான் சாம்பார் அடுப்பிலிருந்து இறங்கும். ஆறவைக்க நேரமில்லை. கொதிக்கக் கொதிக்க உள்ளே போகும். கூடவே சுடுபால், சுடுசாதம். ஆவி அடித்துக் கதவு மூட மறுக்கும், நான் முழங்காலால் மூடுவேன்.

இத்தா ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து படியில் நிற்பார். செருப்பைக் கீழ்ப்படியில் விட்டிருப்பார். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரியாக ஏழுக்குச் சாவியைப் போடுவேன். இத்தா தன் மருந்தை எடுத்து, ஊசிக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு, குப்பியை வைத்துவிட்டு எழுதுவார். அவர் நின்ற நிலை எனக்கு ஒழுங்காகப் பட்டது. ரேஷன் கடையில் நாமே அப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. சாரதாவுக்குத் தோன்றியது. அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இப்படி ஒரு பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஆலுவா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எங்கள் கிடங்குச் சரக்கு வந்து கிடக்கிறது, போய் எண்ணி லாரியில் ஏற்றிவிட்டு வா என்று முதலாளி காலையில் ஆளனுப்பினார். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சட்டைப்பையில் சாவி.

லாரி வரவில்லை. மூன்று மணிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தது. மூட்டை ஏற்றும்போது பையிலிருந்து பேனா எடுத்தேன். கையில் சாவி வந்தது. அப்போதுதான் மணி பார்த்தேன். பாதி எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். பிறகு இன்னொரு பஸ். எல்லாப் பஸ்ஸும் அன்றைக்கென்று எல்லா இடத்திலும் நின்றன.

நான் மாடிப்படி ஏறும்போது ஆறே கால். மேலே கூடத்தில் ஆள் குரல். சாவியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்! வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே கடைசிப் படியில் கால் வைத்தேன். அந்த நொடியில் 'டமால்' என்று ஒரு சத்தம்.

நடந்தது இதுதான். இத்தா ஆறு மணிக்கு வந்திருக்கிறார். நடை சாத்தியிருக்கிறது. ஊசிக்கு நேரமாகிறது, ஊசி போடாமல் சாப்பிட முடியாது. சாரதா பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கீழே கிடங்கிலிருந்து சுமட்டுக்காரர் ஔசேப்பைக் கூப்பிட்டிருக்கிறாள். ஔசேப்பு மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியைக் கதவிடுக்கில் கொடுத்து ஓர் இழு இழுத்திருக்கிறார். நூறு கிலோ சுக்கை ஒற்றையாளாகத் தூக்குகிற கை. பூட்டு தெறித்தது. கதவு அடித்துத் திறந்தது. உள்தட்டில் இருந்தவை எல்லாம் பறந்தன.

நான் பார்த்தபோது எலுமிச்சம்பழம் ஒன்று என்னை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், சிவப்புச் சிமெண்டுத் தரையில், இத்தாவின் மருந்துக் குப்பி உடைந்து கிடந்தது. ஒரு ஸ்பூன் அளவுக்குத் தண்ணீர்போல ஏதோ பரவியிருந்தது.

ஔசேப்பு கொக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இத்தா குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பரவாயில்லை என்று, எதுவும் நடக்காததுபோலச் சொன்னார்: "சாரமில்ல. யாரும் செருப்பில்லாம நடக்கண்டா."

நான் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைவிட உபயோகமில்லாத ஒரு பொருளை நான் அதற்குப் பிறகு கையில் பிடித்ததில்லை.

"வேற குப்பி இருக்கா இத்தா?" என்று சாரதா கேட்டாள்.

"நாளை வாங்கலாம்னு இருந்தேன்."

சாரதா என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறைக்குப் போய்ச் சாயா ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இதுல ஐஸ் போட்டுக் கொண்டுவரணும். எட்டு மணிக்குள்ள. போங்கோ."

மட்டாஞ்சேரியில் முதல் மருந்துக் கடையில் அது இல்லை. இரண்டாவது கடை பூட்டியிருந்தது. (பூட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.) படகுத்துறைக்கு ஓடினேன். எறணாகுளம் படகு கயிறு அவிழ்க்கிற நேரம். குதித்தேன். ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நான் குதித்ததைப் பார்த்து, படகில் இருந்த ஒரு பெண்மணி தன் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்துக்கொண்டார்.

எறணாகுளத்தில் மருந்து கிடைத்தது. பக்கத்துக் கூல்பாரில் ஐஸ் கேட்டேன். எவ்வளவு என்று கேட்டார்கள். ஃபிளாஸ்க்கைக் காட்டி நிறைய என்றேன். குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஐஸுக்கு நடுவில் வைத்து மூடியைத் திருகினேன்.

திரும்பும் படகில் ஒரு சோதனை வந்தது. வேறு யாருமில்லை, நானேதான். ஐஸ் உருகிவிட்டதோ? குப்பி சாய்ந்திருக்குமோ? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தால் என்ன? விரல் தானாக மூடிமேல் போயிற்று. நாள் முழுக்க ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துப் பழகிய விரல் அது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஃபிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயாவா?" என்றார்.

"இல்லை. மருந்து."

"யாருக்கு?"

நான் அத்தனை நாளும் இத்தாவைப் பதினான்கு என்றுதான் பார்த்திருந்தேன். வாரத்துக்குப் பதினான்கு தடவை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து, தொடையில் தானே ஊசி குத்திக்கொண்டு, துபாயிலிருக்கிற மகனுக்காக உயிரோடிருக்கப் பாடுபடுகிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. "எங்க இத்தாவுக்கு," என்றேன். சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படியேறினேன். இத்தா எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், முகம் கொஞ்சம் வெளிறி. சாரதா பக்கத்தில். இருவரும் சாப்பிடவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்தேன், ஐஸ் கலகலவென்றது. அந்தச் சத்தத்துக்கு இணையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. இத்தா மருந்தை எடுத்து உள்ளறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வழியெல்லாம் யோசித்துவைத்த நல்ல வாக்கியங்கள்.

இத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது, ஒரு செருப்பு அறுந்திருந்தது. "மோனே, உச்சைக்கு நீ வல்லதும் தின்னோ?" என்றார்.

மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே நினைவுக்கு வந்தது. இல்லையென்று தலையாட்டினேன். "சாரதே, இவனுக்கு முதல்ல சோறு போடு," என்றார் இத்தா. நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றேன். சுக்கு வாசனை அடிக்கிற தயிர்.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் தங்கப்பன் சேட்டன் வந்தார். கதவு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. சட்டையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை சுற்றி வந்தார்.

"சாரே, இதுக்குப் பனி பிடிச்சதோ?" (மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்.)

நான் என் ஐஸ் பாளக் கொள்கையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐஸுக்கு உள்ளே மெஷின் இல்ல சாரே. இதுக்கு உண்டு. உள்ளே இருக்கிற சூட்டை இழுத்து, இந்தக் கம்பிவலை வழியாத்தான் வெளியே விடும். நீங்க அதோட மூக்கையும் வாயையும் சாக்கு வெச்சுப் பொத்தியாச்சு. பாவம், மூச்சுவிட முடியாம ராவும் பகலும் ஓடியிருக்கு."

பிளேடை எடுத்து என் தையலை ஒரே கிழியில் பிரித்தார். (தையல் கெட்டி என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.) சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துவைத்தார். மேல் அறையில் இரண்டு விரல் கனத்துக்குப் பனி பாறையாகியிருந்தது. இதை மாதம் ஒருமுறையாவது உருக்க வேண்டும் என்றார். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தார், தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் நைந்து இடைவெளி விட்டிருந்தது. பூட்டாத வழியில் குளிர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நான் பூட்டிய வழிக்குச் சாவி சுமந்திருக்கிறேன். உள்ளே கொதிக்கிற சாம்பார் வைப்பதுண்டா என்றார். சாரதா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்க?"

இதற்குத்தான் காத்திருந்தவன்போல நான் நோட்டை நீட்டினேன். சாரதா அதை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் கொடுத்தாள். அவள் கையெழுத்து, நான் பார்க்காத பக்கங்கள். "காலை 7.02, இவர், குளிர் இருக்கிறதா என்று. 7.04, இவர், விளக்கு அணைகிறதா என்று. 8.15, இவர், சும்மா." பூட்டு போடுவதற்கு முன்னும் பின்னும், நாள் தவறாமல். சாவி என்னிடம் இருந்ததால் எனக்கு மட்டும் நடை எப்போதும் திறந்திருந்தது. தங்கப்பன் சேட்டன் விரல்விட்டுக் கூட்டினார். நானும் கூட்டினேன். எனக்குத்தான் அது தொழிலாயிற்றே. சாரதாவையும் இத்தாவையும் சேர்த்தாலும் என் பக்கத்தில் வரமுடியாது.

"ஆள் கிடைச்சல்லோ," என்றார் சேட்டன்.

நோட்டைக் கிழித்துப் போட்டேன். இத்தாவிடம் போய், இனிமேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள், எந்த நேரத்திலும் வாருங்கள், நானும் சாரதாவும் இல்லாவிட்டால் வாசல் சாவி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி வீட்டுச் சாவியின் ஜோடியைக் கொடுத்தேன். இரண்டு நாள் அவர் கதவைத் திறந்ததும் பழக்கத்தில் பென்சிலைத் தேடினார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அடுத்த பில் பாதிக்கு வந்தது. நான் அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன், யாரிடமும் காட்டவில்லை.

கதை மட்டும் பெட்டிக்குள் அடங்கவில்லை. எங்கள் வீட்டில் கண்ணாடி காணோம், குடை காணோம் என்றால் இன்றும் யாராவது ஒருவர், "ஆலுவாவுக்குப் போயிருக்கும்" என்பார். என் மருமகள் திருச்சூர்க்காரி. வந்த புதிதில், ஆலுவாவில் எங்களுக்கு ஏதோ சொந்த வீடு இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாளாம்.

ஆனால் இத்தா சொல்லும் கதை வேறு. பல வருஷம் கழித்து அவருடைய பேரன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். துபாயிலிருந்து வந்த மகன் என்னை இறுகக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் வீட்டாரிடம் அறிமுகம் செய்தான்: "உம்மாவோட மருந்து உடைஞ்சுபோன அன்னைக்கு, சோறு தண்ணி இல்லாம, செருப்பு அறுந்துபோய், படகேறி ஐஸில வெச்சு மருந்து கொண்டுவந்தது இவர்தான். நான் தூரத்துல கிடந்த காலத்துல உம்மாவுக்கு மகன் இவர்." அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மருந்து எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. இத்தா அவர்களுக்குச் சொல்லியிருந்தால்தானே கேட்பார்கள். நான் வாய் திறக்கப் போனேன். எதிரே நாற்காலியில் இருந்த இத்தா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

இத்தா இருந்தவரை கதையின் முதல் பாதியை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பாதி சாரதாவின் பொறுப்பில் இருக்கிறது. அவள் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை.